பூனை இருக்கும் தெருவில் கோழி வளர்ப்பது எப்படி

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக வளர்ந்த கோழியைப் பூனை அநேகமாகத் தொடாது. குஞ்சை விட்டுவைக்காது. இவ்வளவுதானா, இது தெரிந்ததுதானே என்று எழுந்து போய்விடாதீர்கள். எந்த வயதுவரை குஞ்சு, எந்த நேரத்தில் வளர்ந்த கோழிக்கும் ஆபத்து, பூனை என்று நாம் பழி போடுவது உண்மையிலேயே பூனைதானா, இந்த மூன்றிலும்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். நானும் விட்டேன்.

எங்கள் வீடு மதுரைப் பக்கம். பின்னால் நாலு சென்ட் காலி இடம், அதில் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி இனத்தில் ஆறு பெட்டை, ஒரு சேவல். தெருவில் எப்போதும் நாலைந்து பூனை திரியும், அதில் சாம்பல் நிறத்தில் கோடு போட்ட ஒன்று எங்கள் மதில்மேலேயே குடியிருக்கும். பெரிய கோழிகள் அதன் பக்கத்தில் மேயும், அது பாட்டுக்குப் படுத்திருக்கும், நானும் நல்ல பூனை என்று நம்பிவிட்டேன். முதல் அடையில் பதின்மூன்று முட்டை வைத்துப் பதினொன்று பொரித்தது. ஐந்தாம் நாள் காலை ஆறரை மணிக்குப் பஞ்சாரத்தை, அதாவது கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையைத் தூக்கி தாயையும் குஞ்சுகளையும் வெளியே விட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனேன், திரும்பி வந்து எண்ணினால் பத்து. சத்தமே இல்லை. மறுநாள் ஒளிந்திருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வயிறு தரையில் பட அந்தச் சாம்பல் பூனை படுத்திருக்கிறது, வால் நுனி மட்டும் லேசாக அசைகிறது, தாய் கிளறிக்கொண்டே நகர ஒரு குஞ்சு மட்டும் ஏதோ புழுவில் லயித்துப் பின்தங்குகிறது, தாய்க்கும் அதற்கும் ஆறடி இடைவெளி விழுந்ததும் ஒரே பாய்ச்சல். நான் கத்தியதால் அன்று தப்பியது. தாய் கொஞ்ச தூரம் விரட்டும், அப்புறம் திரும்பிவிடும், மீதிக் குஞ்சுகளை யார் பார்ப்பது?

பொரித்த அன்று நாட்டுக்குஞ்சு முப்பது கிராம் சொச்சம் இருக்கும். பூனை தினமும் பிடிக்கிற சுண்டெலியைவிட அது கொஞ்சம் பெரிது, அணிலைவிடச் சிறிது, போதாததற்கு கீச் கீச்சென்று தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே ஓடும். பூனையைக் குறை சொல்லி என்ன செய்ய. அதே பூனை ஒன்றரைக் கிலோ பெட்டையின் மேல் பாய யோசிக்கும், தன் எடையே மூன்று நாலு கிலோதானே, இறக்கை அடியும் கொத்தும் வாங்கி ஒரு கண் போனால் அதன் பிழைப்பே போய்விடும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: குஞ்சு காகத்தைவிடச் சின்னதாக இருக்கும்வரை முழு ஆபத்து. காக அளவைத் தாண்டிவிட்டால், அதாவது நாட்டுக்கோழியில் இரண்டு மாதத்தை ஒட்டி, பாதிக் கவலை போய்விடும். மூன்று மூன்றரை மாதத்தில் எடை முக்கால் கிலோவைத் தொட்டபிறகு பகலில் கவலையே வேண்டாம். குட்டி போட்ட தாய்ப்பூனை இந்தக் கணக்குக்கு அடங்காது, நாலைந்து குட்டிக்கு இரை தேட வேண்டியிருப்பதால் வழக்கத்தைவிடத் துணிந்து பாயும். பக்கத்தில் எங்காவது குட்டிச் சத்தம் கேட்டால் அந்த இரண்டு மாதம் குஞ்சுகளை அடைத்தே வையுங்கள்.

வளர்ந்த கோழிக்கு எப்போது ஆபத்து என்று கேட்டால், இருட்டில். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, தொட்டால்கூட உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். கூட்டில் அடையாமல் முருங்கை மரத்தின் தாழ்ந்த கிளையிலோ திண்ணையிலோ தூங்குகிற கோழி, மூலையில் தனியாக அடையில் இருக்கும் கோழி, சீக்கு வந்து கழுத்தைத் தொங்கப்போட்டு நிற்கும் கோழி, இவற்றின் மேல் பெரிய கடுவன் பூனை கைவைத்துப் பார்க்கும்.

யார் செய்தது என்று முதலில் பாருங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தவறான ஆளுக்குப் பூட்டுப் போட்டால் திருட்டு நிற்காது.

இரண்டாவது அடையில் ஒரே இரவில் நாலு குஞ்சு செத்துக் கிடந்தது, ஐந்து வாரக் குஞ்சுகள், கழுத்தில் கடி, தின்றது ஒன்றுதான், அதுவும் பாதி. நான் நேராக அந்தச் சாம்பல் பூனையைத்தான் நினைத்தேன், அதற்குச் சோறு வைக்கும் பக்கத்து வீட்டு மதினியிடம் இரண்டு வார்த்தை தடிப்பாகவும் பேசிவிட்டேன். அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, "பூனை ஒன்னைத் தூக்கும், தூக்கிட்டுப் போய்த்தான் திங்கும். நாலைக் கடிச்சுப் போட்டுட்டுப் போனா அது பூனை இல்லப்பா, மரநாய்" என்றார். நம்பவில்லை. அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கூட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தூவச் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் சாம்பலில் அச்சு அச்சாகக் கால் தடம், ஒவ்வொன்றிலும் ஐந்து விரல். பூனைக்கு நாலு விரல்தான் பதியும், உருண்டையாக இருக்கும், நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் நகக்குறி விழாது. நாய்க்கும் நாலுதான், ஆனால் நகம் குத்தியிருக்கும். கீரிக்கும் ஐந்து விரல், நகமும் தெரியும், ஆனால் கீரி பகலில்தான் வரும். ஆக இரவில் வந்தது அப்பத்தா சொன்ன மரநாய்தான். மதினியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

செலவில்லாத சிசிடிவி கேமரா அது. இன்றைக்கும் ஒரு குஞ்சு குறைந்தால் முதல் வேலை சாம்பல் தூவுவதுதான். காற்றடிக்கும் காலத்தில் ஈரமணலைப் பரப்பிக் கையால் தட்டிச் சமப்படுத்தினாலும் போதும்.

மற்ற அடையாளங்களும் உண்டு. பட்டப்பகலில் வெட்டவெளியில் குஞ்சு காணாமல் போய், அந்த நேரத்தில் தாய் ஒரு நீளக் கூச்சல் போட்டுக் குஞ்சுகள் எல்லாம் செடிக்கடியில் பதுங்கியிருந்தால் அது மேலிருந்து வந்தது, பருந்தோ வல்லூறோ காகமோ. கெக் கெக் கெக் என்று விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே கழுத்தை நீட்டி ஒரு பக்கமாகப் பார்த்தால் தரையில் ஏதோ நிற்கிறது. கோழிக்கு இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சத்தம் உண்டு, ஒரு வாரம் காது கொடுத்தால் உங்களுக்கும் பிடிபட்டுவிடும். அடையில் இருந்த முட்டை ஓடுகூட இல்லாமல் மாயமானால் பாம்பு. சின்னக் குஞ்சு கூட்டுக்குள்ளேயே காலோ தொடையோ கடிபட்டுக் கிடந்தால் பெருச்சாளி. பெரிய கோழி நாலைந்து ஒரேயடியாகச் செத்து இறகு தோட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் நாய், அது தின்பதுகூட இல்லை, விளையாட்டுக்குக் கொல்லும். பூனை என்றால் ஒரு குஞ்சுதான் குறையும், எங்காவது விறகுக்கட்டுக்குப் பின்னாலோ மாடிப்படிக்கு அடியிலோ இறக்கை மட்டும் கிடக்கும், அப்புறம் மறுநாளும் அதே நேரத்துக்கு வரும். ருசி கண்ட பூனை என்று சும்மாவா சொன்னார்கள்.

பஞ்சாரமும் கூடும்

பஞ்சாரம் அருமையான பொருள், ஆனால் பூனைக்கு எதிராக அது அரைகுறைப் பாதுகாப்புதான். மூங்கில் காய்ந்து பின்னல் தளர்ந்துவிட்டால் இடுக்கில் இரண்டு விரல் நுழையும், இரண்டு விரல் நுழைகிற இடத்தில் பூனையின் முன்னங்காலும் நுழையும். குஞ்சு எப்போதும் ஓரத்தில் ஒட்டித்தான் தூங்கும், பூனை கையை விட்டு நகத்தில் மாட்டி இழுக்கும், முழுக் குஞ்சு வெளியே வராவிட்டாலும் காயம்பட்டுச் சாகும். அதனால் அடிப்பக்கம் முக்கால் அடி உயரத்துக்குச் சாக்கைச் சுற்றித் தைத்துவிடுங்கள், மேலே காற்றோட்டத்துக்கு விட்டுவிடுங்கள், சித்திரை வெயிலில் முழுக்க மூடினால் பூனை செய்யாத வேலையை நீங்களே செய்துவிடுவீர்கள். மேலே ஒரு கனமான கல். பூனை முட்டித் தள்ளிப் பஞ்சாரத்தைச் சாய்த்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நிரந்தரக் கூடு கட்டுவதாக இருந்தால் கம்பி வலையில் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் போய்க் கோழி வலை என்று கேட்டால் அறுகோணக் கண் வைத்த மெல்லிய வலையைக் கொடுப்பார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், மற்றது உள்ளே வராமல் தடுக்காது. அதன் ஒரு அங்குலக் கண்ணில் பூனைக்கை தாராளமாகப் போகும், நாய் இழுத்தால் கிழிந்தும்விடும். கேட்க வேண்டியது அரை அங்குலக் கண் வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டியான வலை. விலை கூடத்தான், அதனால் கூடு முழுக்க வேண்டாம், கீழே இரண்டடிக்கு மட்டும் அதைப் போட்டு மேலே சாதா வலை போடலாம், ஆனால் கூரை வரை போடுங்கள், கூரை திறந்திருந்தால் ஆறடி வேலி காப்பாற்றாது. பூனைக்கு ஆறடி ஒரு உயரமே இல்லை. கூரைக்கு ஓடோ தகரமோ போட முடியாதவர்கள் பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினால் பருந்துக்கும் சேர்த்துத் தீர்ந்தது.

இடைவெளி விஷயத்தில் ஒரே விதி, தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். கதவுக்குக் கீழே, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில், தண்ணீர் வெளியேறும் ஓட்டையில், எல்லா இடத்திலும் உங்கள் மூன்று விரலைச் சேர்த்து நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் அடையுங்கள். கதவுக்குக் கயிறு கட்டுவது, செங்கல் சாய்த்து வைப்பது எல்லாம் வேலைக்கு ஆகாது, நாதாங்கி போட்டு ஒரு ஆணியைச் செருகுங்கள். கூட்டின் அடி மண்தரையாக இருந்தால் வெளிப்பக்கம் ஒரு அடி அகலத்துக்கு வலையைத் தரையோடு விரித்து மேலே மண் போட்டுவிடுங்கள், பூனை தோண்டி வராது என்றாலும் பெருச்சாளியும் நாயும் தோண்டும்.

மெஷினில் பொரித்த குஞ்சு வாங்கி வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தாய் இல்லாத குஞ்சுக்குப் பயம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, பூனையைப் பார்த்தால் ஓடுவதற்குப் பதில் கூட்டமாக அதன் பக்கம் போய் எட்டிப்பார்க்கும். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம் என்பதால் எல்லாரும் அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வைக்கிறோம், பெட்டிக்கு மூடி வைப்பதில்லை. பூனைக்கு வெதுவெதுப்பும் சாப்பாடும் ஒரே பெட்டியில், இதைவிட என்ன வேண்டும்? பெட்டி மேல் வெல்டு மெஷ் துண்டு ஒன்றை வைத்து இரண்டு செங்கல் வையுங்கள், பெட்டியையும் கதவு மூடுகிற அறைக்குள் வையுங்கள். வயர் பல்பை ஒட்டித் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூனை குதித்து பல்பு சாய்ந்து தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

நேரம்

பூனை நடமாட்டம் அதிகமாக இருப்பது விடியலிலும் மசங்கலிலும்தான். நான் முதலில் செய்த தப்பே ஆறரை மணிக்குத் திறந்துவிட்டதுதான். இப்போது குஞ்சோடு இருக்கும் தாயை எட்டரைக்கு மேல்தான் விடுகிறேன், மாலை ஐந்துக்குள் குருணையைத் தட்டில் தட்டிக் கூப்பிட்டு அடைத்துவிடுகிறேன். முதல் மூன்று வாரம் வெளியே விடுவதே ஒரு மணி நேரம், அதுவும் யாராவது கண் வைத்திருக்கும்போது. வாழை, கனகாம்பரம் மாதிரி அடர்த்தியாக ஏதாவது இருக்கும் பக்கம் மேயட்டும் என்று பலர் சொல்வார்கள், பருந்துக்கு அது சரி, ஆனால் அதே புதரில்தான் பூனையும் பதுங்கும். எங்கள் வீட்டில் பூனைத்தொல்லைதான் அதிகம் என்பதால் கூட்டைச் சுற்றி ஆறேழு அடிக்குப் புதரை வெட்டித் துவைக்கிற கல்லையும் நகர்த்திவிட்டேன். உங்கள் வீட்டில் எது அதிகம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பூனையை என்ன செய்வது

விஷம் வைக்காதீர்கள். இதைச் சொல்லவே கூடாது, ஆனால் ஊரில் இன்னும் கருவாட்டில் தடவி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கருவாட்டை முதலில் கொத்தப்போவது உங்கள் சேவல். போதாததற்கு மிருகவதைத் தடைச் சட்டம் 1960-லிருந்து இருக்கிறது, நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ ஐந்து வருடம்வரை சிறைக்கு இடமுண்டு. கீரி, மரநாய், காட்டுப்பூனை மூன்றும் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, அவற்றைப் பொறி வைத்துப் பிடித்தால் இன்னும் பெரிய வில்லங்கம்.

சாக்கில் பிடித்து ஊருக்கு வெளியே விடுவதும் பிரயோஜனம் இல்லை. அந்த இடம் காலியானதும் இன்னொரு கடுவன் வந்து உட்காரும், அதற்கு உங்கள் கோழியைப் பற்றி எதுவும் தெரியாது. ஏற்கெனவே இரண்டு தடவை பெட்டையிடம் கொத்து வாங்கிய பழைய பூனையே பரவாயில்லை. கருத்தடை செய்ய வழி இருந்தால் செய்யுங்கள், சுற்றுவதும் சண்டையும் குறையும், முக்கியமாகக் குட்டி போட்டு வெறியோடு வேட்டையாடும் தாய்ப்பூனை இருக்காது.

"வயிறு நிறைய வைத்தால் கோழிப்பக்கம் போகாது" என்பது பாதிதான் உண்மை. பசியும் வேட்டையும் பூனைக்கு வேறு வேறு, வயிறு நிறைந்த பூனையும் ஓடுகிறதைப் பார்த்தால் பாயும். இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வீட்டுப்பூனைகளை வைத்து ஆராய்ந்து பார்த்ததில், இறைச்சிப் புரதம் அதிகமுள்ள தீனி கொடுத்த பூனைகள் வீட்டுக்குப் பிடித்துக்கொண்டு வந்த இரை 36 சதவீதமும், தினம் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிய பூனைகளிடம் 25 சதவீதமும் குறைந்திருக்கிறது. குறைந்தது, நிற்கவில்லை. கழுத்தில் மணி கட்டியதால் பெரிதாக எதுவும் மாறவில்லை என்றும் அதிலேயே வந்தது, ஆக பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கவலையும் நமக்கு வேண்டாம். தெருப்பூனைக்குச் சோறு வைப்பவராக இருந்தால் வாசல் பக்கம் வையுங்கள், கோழிக்கூட்டுப் பக்கம் அல்ல.

நாமே செய்யும் ஒரு தப்பும் உண்டு. வீட்டில் கோழி அடித்தால் குடலையும் காலையும் வேலி ஓரம் வீசுகிறோம். வெள்ளைக்கழிச்சல் நோயில் செத்த குஞ்சையும் அப்படித்தான் வீசுகிறோம். கோழிவாடை என்றால் சாப்பாடு என்று பூனைக்குப் பாடம் நடத்துவது நாம்தான். இரண்டடி ஆழத்தில் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நோயில் செத்த கோழியைப் பச்சையாகத் தின்கிற பூனைக்கும் ஆபத்து உண்டு, பறவைக் காய்ச்சல் பூனைக்கு அப்படியும் தொற்றும்.

அப்புறம் கோழிகள் மண்குளியல் போடும் குழி. அந்தப் பொடிமண்ணைப் பார்த்தால் பூனைக்கு அதுதான் கழிப்பறை. பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வரலாம், மண்ணைக் கிளறும் கோழிக்கு அது தொற்றும், கோழிக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது, ஆனால் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த மண்ணைக் கையால் அள்ள வேண்டாம், கறியை நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். இரவில் குழியை ஒரு தகரத்தால் மூடிவிட்டால் முடிந்தது.

இவ்வளவு சொன்னபிறகும் பூனையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தீவனம் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். பூனை உலாவும் கொட்டகையில் இரண்டுமே குறைவு. பூனை இருக்கும் வீட்டில் எலி மருந்து மட்டும் வைக்காதீர்கள், மருந்து தின்ற எலியைத் தின்று பூனையும் போகும்.

சொந்தமாகப் பூனை வளர்க்க நினைத்தால் இரண்டு மாதக் குட்டியாகக் கொண்டுவந்து, குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழியின் எதிரில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது விடுங்கள். ஒருமுறை மூக்கில் நன்றாகக் கொத்து வாங்கினால் ஆயுளுக்கும் மறக்காது. அதற்காகக் குஞ்சையும் அதையும் ஒரே அறையில் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடாதீர்கள்.

கடித்துவிட்டால்

பூனைவாயிலிருந்து தப்பிய கோழி நன்றாகத்தான் நடக்கும், தீவனமும் எடுக்கும், இறகை விலக்கிப் பார்த்தால் ஊசி குத்தினது போல இரண்டு புள்ளி மட்டும் தெரியும். இரண்டாம் நாள் செத்துக் கிடக்கும். பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி அந்த ஆழமான ஓட்டைக்குள் போய்விடுவதுதான் காரணம். அதனால் காயம் சின்னது என்று பார்க்காதீர்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, சுற்றியிருக்கும் இறகைக் கத்தரித்து, பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி தடவி, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படும். மஞ்சள் பத்து போடலாம், ஆனால் அதை மட்டும் போட்டுவிட்டு உட்காராதீர்கள். மற்ற கோழிகளோடு விடவும் வேண்டாம், ரத்தச் சிவப்பைப் பார்த்தால் அவையே கொத்திக் கிழித்துவிடும். தனிப் பஞ்சாரம், இருட்டான மூலை, தண்ணீர், ஈ மொய்க்காமல் மேலே ஒரு மெல்லிய துணி. கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் இனத்துப் பெட்டை ஒன்று எங்களிடம் இப்படி ஒன்பது நாள் இருந்துவிட்டு எழுந்து வந்தது, இறக்கைக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் இன்னும் இறகு முளைக்கவில்லை.